நுரையீரல் கொழுப்பும் நொதிகளின் தேர்வும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நுரையீரல் காற்றறைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் படலத்தில் உள்ள டிபிபிசி (இரு பால்மிட்டிக் அமிலங்கள் கொண்ட நிறைவுற்ற பாஸ்போகொழுப்பு) முழுவதும் சிடிபி-கோலின் வழியிலேயே, அதாவது அடிப்படைப் பொருள்களிலிருந்து புதிதாகக் கட்டும் பாதையிலேயே, உருவாகிறதா?

பதில்: இல்லை. பாதியோ அதற்கு மேலோ, ஏற்கெனவே உள்ள கொழுப்பின் மறுசீரமைப்பில் உருவாகிறது. கொழுப்பு மூலக்கூறின் இரண்டாம் இடத்திலுள்ள நிறைவுறாத அமிலத்தை பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி வெட்டி நீக்கியபின், அங்கே பால்மிட்டிக் அமிலம் ஏறுகிறது.

கேள்வி: அதை ஏற்றுவது எந்த நொதி?

பதில்: பெரும்பாலும் எல்பிகேட்1 (LPCAT1). இரண்டு ஆய்வுக்குழுக்கள் 2006-இல் அதை அடையாளம் காட்டின. இந்நொதி வெகுவாகக் குறைந்த எலிக்குட்டிகளில் சில, பிறந்தவுடன் மூச்சுத்திணறி இறக்கின்றன.

கேள்வி: எங்கள் மைக்ரோசோம் (உடைத்த செல்லிலிருந்து பிரித்த சவ்வுத் துணுக்குகள்) சோதனையில் பால்மிட்டாயில்-கோஏ, ஒலியாயில்-கோஏ (நிறைவுற்ற பால்மிட்டிக், நிறைவுறாத ஒலியிக் அமிலங்களின் வினைக்குத் தயாரான அசைல்-கோஏ வடிவங்கள்) இரண்டும் ஒரே வேகத்தில் வினைபுரிந்தன. நுரையீரல் நொதிக்கு எந்த அமிலத்தை ஏற்பது என்ற தேர்வே இல்லை என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. செறிவு, புரத அளவு, கொழுப்பைப் பிடித்துவைக்கும் ஆல்புமின் புரதம் சேர்த்தீர்களா என்பது எதையும் குறிப்பிடாமல் முடிவை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். இத்தகைய கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. அசைல்-கோஏக்களும் லைசோபாஸ்பாட்டிடைல்கோலினும் (இரண்டாம் அமிலம் நீங்கிய கொழுப்பு) சோப்புத்தன்மை உடையவை. சில பத்து மைக்ரோமோலாரைத் தாண்டினால் திரள்களாகி, நொதி பதிந்திருக்கும் சவ்வையே கலைத்துவிடும். மேலும், ஒவ்வொரு வினைபடுபொருளையும் தனிக் குழாயில் நிறைவளவில் கொடுத்தால் நீங்கள் அளப்பது உச்ச வேகத்தைத்தான். தேர்வு என்பது இரண்டும் ஒரே குழாயில் போட்டியிடும்போது வெளிப்படுவது, அதை நிர்ணயிப்பது உச்ச வேகத்துக்கும் மைக்கேலிஸ் மாறிலிக்கும் (பாதி உச்ச வேகத்துக்குத் தேவையான செறிவு) உள்ள விகிதம். மைக்ரோசோமில் ஒரே நொதி மட்டும் இருப்பதுமில்லை: அராக்கிடோனிக், லினோலிக் அமிலங்களை விரும்பும் எல்பிகேட்3-உம் அங்கே இருக்கலாம், அசைல்-கோஏவைச் சிதைக்கும் தயோஎஸ்டரேஸ்களும் இருக்கும். ஆகவே நீங்கள் கண்டது பல நொதிகளின் கூட்டு விளைவு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, விளைபொருள்களை நிறைமாலைமானியில் பிரித்துப் பாருங்கள். மீண்டும் சொல்கிறேன், செறிவைக் குறிப்பிடாத தேர்வுக்குப் பொருளே இல்லை.

கேள்வி: சிடிபி-கோலின் வழியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிடிலில்டிரான்ஸ்ஃபெரேஸ் நொதிதான் நிறைவுற்ற கொழுப்பைத் தேர்ந்தெடுக்கிறதா?

பதில்: இல்லை. அதன் வினைபடுபொருள்களான பாஸ்போகோலின், சைட்டிடின் டிரைபாஸ்பேட் (CTP) எதிலும் கொழுப்பு அமிலம் கிடையாது, இல்லாததை அது எப்படித் தேர்ந்தெடுக்கும்? அது அளவைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: ஏபிசிஏ3 குறைபாட்டில் டிபிபிசி தயாரிப்பு நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. ஏபிசிஏ3 (ABCA3) கொழுப்பை லாமெல்லர் உறுப்புகளுக்குள் (செல்லில் சர்ஃபாக்டன்டைச் சேமிக்கும் பைகள்) ஏற்றும் கடத்திப் புரதம். தயாரிக்கும் நொதி அன்று. அங்கே கெடுவது சேமிப்பு.