யாழ்ப்பாண நோயாளிகளின் பேச்சு பிடிபட எவ்வளவு காலம் எடுக்கும்?

தமிழ்நாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வரப்போகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இங்குள்ள ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள்.

சொற்கள் பெரிய தொல்லை இல்லை. வருத்தம் என்றால் நோய், நாரி என்றால் இடுப்பு, சத்தி என்றால் வாந்தி. இளைப்பு என்றால் மட்டும் உடல் மெலிவு என்று எழுதிவிடாதீர்கள், மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் நிற்க நிற்க இவை தானாக வந்துவிடும். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847இல் வந்து, தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உங்களுக்கென்ன?

எங்கள் முதியவர்கள் நோயைக் குறைத்தே சொல்வார்கள் என்பதுதான் சிக்கல். ஒருமுறை வெளிநோயாளர் பிரிவுக்கு ஓர் அம்மா வந்தார். நெடுநாள் சலரோகக்காரி, அதாவது நீரிழிவு உள்ளவர். "வாய்வு பிள்ளை, உள்ளி சுட்டுத் தின்றேன், கேட்கவில்லை" என்றார். உள்ளி என்றால் பூண்டு. இளம் வைத்தியர் வாய்வுக்கு மருந்தெழுதத் தொடங்கிவிட்டார். அந்த அம்மாவின் நெற்றி வியர்த்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளுகிறீர்களா அம்மா?" என்று கேட்டேன். "அதெங்கே பிள்ளை, நேற்றிலிருந்து படலையடிக்குப் போகவே இளைக்கிறது." படலை என்றால் வீட்டு வெளிவாசல் கதவு. ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு. சலரோகக்காரருக்கு நெஞ்சுநோ இல்லாமலும் மாரடைப்பு வரலாம் என்பது வைத்தியருக்குத் தெரியாததல்ல. அவர் சென்னைக்காரரும் அல்லர், யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பிள்ளை!

தாதிக்கு ஏன் இந்த வேலை என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: நான் நோய் இன்னதென்று சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். நீங்களும் 'என்ன செய்கிறது' என்பதோடு நிற்காமல், போன கிழமை, அதாவது போன வாரம், செய்த எந்த வேலை இப்போது ஏலாமல் இருக்கிறது என்று கேளுங்கள்.

மொழியைவிடப் பெரிய இடைஞ்சல் கைத்தொலைபேசி. தாயிடம் கேட்டால் கனடாவிலிருந்து மகன் பதில் சொல்கிறார். தாயை நேரில் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும், ஆனால் எந்த ஸ்கான் எடுக்க வேண்டும் என்று எங்களுக்குக் கட்டளை. மருந்துச் செலவுக்குக் காசு அனுப்புகிறவர்களை நான் பழிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். ஆனால் மகன் கேட்டுக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய் தனக்கு நோகிறது என்று சொல்வாள்? அழைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு விசாரிக்கத் தொடங்குங்கள்.