மேக்ரோவை இயக்கவில்லை என்றால் வார்டு கோப்பால் ஆபத்து இல்லையா?

கேள்வி: எங்கள் சிறு அலுவலகத்தின் மூன்று கணினிகளிலும் ஆபீஸ் 2016 இருக்கிறது. வழக்கமான வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து எதிர்பாராமல் வந்த வார்டு கோப்பைத் திறந்து, மேலே தோன்றிய மஞ்சள் பட்டையில் ‘எனேபிள் எடிட்டிங்’ என்பதை அழுத்திவிட்டேன். உள்ளே வெற்றுப் பக்கம் மட்டுமே இருந்தது. ஆன்டிவைரஸ் எதையும் காட்டவில்லை. கணினி பழுதுபார்ப்பவர், “மேக்ரோவை இயக்கவில்லை அல்லவா, பயம் வேண்டாம். புதிய பதிப்பு வேண்டுமானால் ஆயுட்கால உரிமத்தோடு குறைந்த கட்டணத்தில் போட்டுத் தருகிறேன்” என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் சொன்ன இரண்டையுமே நம்ப வேண்டாம். மேக்ரோ என்பது கோப்புக்குள் வைக்கப்பட்ட சிறு நிரல். அதை இயக்க உங்கள் அனுமதி வேண்டும். பாதுகாப்புக் குறைபாடு என்பது வார்டு மென்பொருளிலேயே உள்ள ஓட்டை. அதன் வழியே நுழைபவர் உங்களிடம் மேக்ரோவுக்கான அனுமதியைக் கேட்பதில்லை. கணிதச் சமன்பாடுகளை எழுத ஆபீஸுடன் வந்த ‘ஈக்குவேஷன் எடிட்டர்’ இதற்கு நல்ல உதாரணம். அந்தச் சிறு நிரலுக்கு ஆபீஸ் 2007இலேயே மாற்று வந்துவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் திறக்க வேண்டும் என்பதற்காக ஆபீஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அதை உள்ளேயே விட்டுவைத்தார்கள். அதிலிருந்த ஓட்டை 2017 நவம்பரில்தான் அடைக்கப்பட்டது. 2018 ஜனவரியில் நிரலே நீக்கப்பட்டது. பெரும்பாலோருக்குத் தேவைப்படாத ஒரு பகுதியைப் பத்தாண்டுகளுக்கு மேல் எல்லோருடைய கணினியிலும் விட்டுவைத்த பொறுப்பின்மையை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அப்டேட் செய்யாத கணினிகளைத் தாக்குதல்காரர்கள் அதே ஓட்டை வழியாக அதன்பிறகும் பல ஆண்டுகள் தாக்கினார்கள்.

நீங்கள் பார்த்த மஞ்சள் பட்டை ‘புரொடெக்டெட் வியூ’ என்ற பாதுகாப்பு. அந்த நிலையில் கோப்பைப் படிக்க மட்டுமே முடியும். அதில் ஒளிந்திருக்கும் பெரும்பாலான சூழ்ச்சிகள் வேலை செய்யாது. ‘எனேபிள் எடிட்டிங்’ அழுத்தியதும் அந்தக் கதவு திறந்துவிடுகிறது. அதனால் உங்கள் கணினி தாக்கப்பட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது; ஆனால் பழைய பதிப்பு, எதிர்பாராத கோப்பு, வெற்றுப் பக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால் தாக்கப்பட்டதாகவே எடுத்துக்கொண்டு செயல்படுவதுதான் பாதுகாப்பு. அந்தக் கணினியின் இணைய இணைப்பை உடனே துண்டியுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கணக்குக் கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். கணினியைச் சோதிப்பவருக்கு அது தேவைப்படும். ஆன்டிவைரஸ் மௌனமாக இருந்ததை நற்சான்றிதழாகக் கருத வேண்டாம், புதிதாகத் திரிக்கப்பட்ட கோப்பை அது முதல் நாளிலேயே அடையாளம் காணும் என்ற உறுதி எதுவும் இல்லை.

அடுத்தது பதிப்பு. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்குமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2021 பதிப்புக்கு 2026 அக்டோபர் 13 வரைதான். ஆதரவு முடிந்த மென்பொருள் வழக்கம்போலவே திறக்கும், அச்சிடும், சேமிக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படாமல் கிடக்கும். காலாவதித் தேதியை மருந்துப் பட்டையில் அச்சிடுவதுபோல வார்டின் முகப்பிலேயே தெளிவாகக் காட்டியிருந்தால், உங்களைப் போன்றவர்கள் இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். ஆபீஸ் 2016, 2019, 2021, 2024 ஆகிய எல்லாவற்றிலும் உள்பதிப்பு எண் 16 என்றே தொடங்கும். அந்த எண்ணைக் காட்டி, பழையதையே புதியது என்று விற்க முடியும். ‘ஃபைல்’ மெனுவில் ‘அக்கவுண்ட்’ பக்கத்தைத் திறந்து, எண்ணை விட்டுவிட்டு, பொருளின் பெயரில் உள்ள ஆண்டைப் பாருங்கள். அடிமாட்டு விலைக்கு ‘ஆயுட்கால உரிமம்’ என்றால், உரிமத்தை ஏமாற்றும் ‘ஆக்டிவேட்டர்’ நிரல் ஒன்றை அவர் கையில் வைத்திருக்கக்கூடும். அதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார், அல்லது குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரைச் சோதிக்காதே என்று அதற்குக் கட்டளையிடுவார், வேலை முடிந்ததும் ‘இனி அப்டேட் செய்யாதீர்கள், உரிமம் போய்விடும்’ என்று எச்சரித்துவிட்டுப் போவார். பூட்டு மாற்ற வந்தவர் கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதுபோன்ற இந்த வேலையைச் செய்பவரை உங்கள் கணினியின் அருகில் விடாதீர்கள். பணம் கட்ட முடியாவிட்டால் இலவசமான லிப்ரே ஆபீஸைப் பயன்படுத்துங்கள். அதற்கும் அப்டேட் வேண்டும்.

மேக்ரோவை இயக்காதீர்கள் என்ற விதிக்கு உள்ள ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல அலுவலகங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. உங்களுக்கென்றே எழுதப்பட்ட, மேக்ரோ உள்ள எக்செல் கணக்குக் கோப்பு ஒன்று இருக்கலாம். அது இயங்கியே ஆக வேண்டும். அதற்காக ‘எல்லா மேக்ரோவையும் அனுமதி’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், நாளை யாரோ அனுப்பும் கோப்புக்கும் அதே அனுமதி கிடைத்துவிடும். மாறாக, தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, ஆபீஸின் பாதுகாப்பு அமைப்புகள் உள்ள ‘டிரஸ்ட் சென்டர்’ பகுதியில் அதை மட்டும் ‘டிரஸ்டட் லொகேஷன்’ என்று பதிவுசெய்து, அந்தக் கோப்பை அங்கே வையுங்கள். அந்த ஃபோல்டரில் உள்ள எதற்கும் மஞ்சள் பட்டை வராது, மேக்ரோவும் கேட்காமலே ஓடும். ஆகவே ‘டவுன்லோட்ஸ்’, ‘டெஸ்க்டாப்’ போன்ற பொது இடங்களை ஒருபோதும் அப்படிப் பதிவுசெய்யாதீர்கள், மின்னஞ்சலில் வந்த எதையும் அந்த ஃபோல்டருக்குள் நகர்த்தாதீர்கள். கோப்பை எழுதித் தந்தவர் திருத்திய பிரதியை அனுப்பினால்கூட, அவர்தான் அனுப்பினார் என்று பேசி உறுதிசெய்த பிறகே உள்ளே வையுங்கள்.

இன்றே உங்கள் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் பேசுங்கள். கோப்பை அவர் அனுப்பவில்லை என்றால் அவருடைய மின்னஞ்சல் கணக்கு பிறர் கையில் இருக்கலாம்; உங்களுக்கு வந்த அதே கோப்பு அவருடைய தொடர்பில் உள்ள மற்றவர்களுக்கும் போயிருக்கக்கூடும். அவர்களையும் உடனே எச்சரிக்கும்படி அவரிடம் சொல்லுங்கள்.