எல்லாரையும் சிரிக்க வைக்கிறவங்களுக்கு டிப்ரஷன் வராதா? (கடிதம்)

அக்கா வணக்கம்,

பேரு போடாதீங்க ப்ளீஸ். வயசு 36, ஈரோடு பக்கம், பேங்க்ல வேலை. ஆபீஸ்ல யாருக்கு பர்த்டேன்னாலும் கேக் ஆர்டர் பண்றதுல இருந்து கலாய்க்கறது வரைக்கும் நான்தான், சொந்தக்காரங்க கல்யாணத்துலயும் நான் போனாத்தான் களைகட்டும்பாங்க. ஆனா மூணு நாலு மாசமா சாயந்தரம் வீட்டுக்கு வந்து வண்டிய நிறுத்திட்டு ஹெல்மெட்டக்கூட கழட்டாம அப்படியே உக்காந்திருக்கேன், படியேற முடியல. விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. நல்ல வீட்டுக்காரர், நல்ல பையன், கடன் இல்ல, உனக்கு என்னடி குறைன்னு நானே என்னத் திட்டிக்கறேன். சாகணும்னெல்லாம் இல்லக்கா, ஆனா தூங்கி எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது. எல்லாரையும் சிரிக்க வச்சுட்டு தற்கொலை பண்ணிக்கிட்ட ஹாலிவுட் காமெடி நடிகர் ராபின் வில்லியம்ஸ் மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு. மாத்திரை எடுத்தா பழக்கமாயிடும்ங்கறாங்க. இது டிப்ரஷனா, இல்ல நான் நடிக்கறேனா?

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்க நடிக்கலம்மா. கல்யாண வீட்ல சிரிக்கறதும் நிஜம், வண்டியில உக்காந்திருக்கறதும் நிஜம். டிப்ரஷன்னா நாள்பூரா அழுதுக்கிட்டு மூலையில கிடப்பாங்கன்னு நம்மாளுங்க நினைச்சு வச்சிருக்காங்க, ஆனா நாலு பேரு நடுவுல மனசு லேசாகி, தனியா வந்ததும் திரும்ப அமுங்கிப் போறதும் உண்டு, மனநல டாக்டருங்களுக்கு இது புதுசே இல்ல. குறை இருந்தாத்தான் வரும்னும் கிடையாது. தைராய்டு, பி12 குறைவு, ரத்தசோகை இதெல்லாம்கூட இதே மாதிரி ஆள அசத்திப் போடும், அதனால ரத்த டெஸ்ட் எழுதிக் குடுத்தா எடுத்துடுங்க.

ராபின் வில்லியம்ஸ மனசுல இருந்து எடுத்துடுங்க. 2014 ஆகஸ்ட்ல அவர் இறந்தப்புறம் செஞ்ச பரிசோதனையில மூளையில லூயி பாடிங்கற நோய் இருந்தது தெரிஞ்சுது, உயிரோட இருந்தப்ப அவருக்கே அது தெரியாது. அவர் கதைய உங்க கதையோட சேர்க்காதீங்க.

எனக்கு பயம் வேற எடத்துல. இத்தன மாசமா வீட்ல இருக்கறவருக்கே தெரியாம மறைச்சிருக்கீங்க, அதே மாதிரி டாக்டர் ரூமுக்குள்ள போனதும் பழக்கத்துல சிரிச்சுக்கிட்டே "ஒண்ணுமில்ல டாக்டர், தூக்கம்தான் கொஞ்சம் சரியில்ல"ன்னுவீங்க, அவரும் தூக்க மாத்திரைய எழுதி அனுப்பிடுவாரு. அதனால வாயால சொல்லவே வேணாம், எனக்கு அனுப்பின லெட்டர அப்படியே பிரிண்ட் எடுத்து டேபிள்ல வச்சிடுங்க. அந்த எந்திரிக்காமலே போறதப் பத்தின வரிய மட்டும் வெக்கப்பட்டு அடிச்சிடாதீங்க, அதுதான் முக்கியமான வரி. பிஎச்க்யூ-9னு டாக்டருங்க ஒரு தாள் வச்சிருப்பாங்க, கடந்த ரெண்டு வாரத்தப் பத்தி ஒன்பது கேள்வி, ஒன்பதாவதே செத்துப்போனா தேவலைன்னு தோணுச்சாங்கறதுதான். அவங்க அதிர்ச்சியாக மாட்டாங்க.

மாத்திரை விஷயம். பழக்கமாகற பயம் தூக்க மாத்திரைக்குத்தான் அதிகம், டிப்ரஷனுக்கு இப்ப பொதுவா தர்ற எஸ்சிடலோபிராம் மாதிரி மாத்திரை போதை மாதிரி பிடிச்சுக்காது. ஆனா உடனே வேலை செய்யாது, ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம்கூட ஆகலாம், நடுவுல ஒண்ணும் தெரியலையேன்னு சிலபேர் தூக்கிப் போட்டுடறாங்க, இல்லன்னா நல்லாயிடுச்சேன்னு டாக்டர்கிட்ட கேக்காம சட்டுனு நிறுத்திடறாங்க, ரெண்டும் வேணாம். கவுன்சிலிங்கும் கேளுங்க. பிரைவேட்டுக்கு போக யோசனையா இருந்தா அரசு தலைமை மருத்துவமனையிலயே மனநலப் பிரிவு இருக்கு.

அந்த நினைப்பு எப்பயாவது முத்துச்சுன்னா, எப்படி போறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சா, அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே வீட்டுக்காரர எழுப்புங்க, 14416க்கு கூப்பிடுங்க, அது டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். சென்னையில 1986ல இருந்து இருக்கற சினேகாங்கற தற்கொலை தடுப்பு அமைப்பும் இருக்கு, 044-24640050.

இத படிக்கற மத்தவங்களுக்கும் ஒண்ணு. உங்க வீட்ல, ஆபீஸ்ல கலகலன்னு இருக்கறவங்க போன் எடுக்கறது குறைஞ்சா, எல்லாரும் போனதும் மூஞ்சி வாடிப்போனா, தனியா கூப்பிட்டு நேராவே கேளுங்க, சாகணும்னு தோணுதான்னுகூட கேக்கலாம். கேட்டா அந்த நினைப்பு வந்துடுமோன்னு பயப்படறோம், அப்படி வராது, கேக்க ஒரு ஆள் இருக்குன்னு அவங்களுக்கு மூச்சுதான் வரும்.

தங்கச்சி, வீட்டுக்காரர்கிட்ட இன்னிக்கு ராத்திரியே சொல்லுங்க, ஜோக்கோட சேத்து சொல்லிடாதீங்க. "உனக்கென்ன குறை"ன்னு அவரும் கேக்கலாம், முதல் தடவை முக்காவாசிப்பேர் அப்படித்தான் கேப்பாங்க, கோச்சுக்கிட்டு வாய மூடிக்காதீங்க, இதையே படிக்கக் குடுங்க. அவர் எதையும் சரிபண்ண வேணாம், கூட டாக்டர்கிட்ட வந்தா போதும். இந்த வாரமே போங்க, போயிட்டு வந்து எனக்கு ஒரு மெயில் போடுங்க.

அக்கா