அந்த நாலு பேர் எங்கே?

கேள்வி: சொந்த வீடு, கார், கையிருப்பு எதற்கும் குறையில்லை. நடுராத்திரியில் ஓர் அவசரம் என்றால் கூப்பிடத்தான் ஆளில்லை. பணம் சேர்ந்தால் மனிதர்கள் விலகிவிடுவார்களா?

பதில்: அவர்களிடம் போய் நிற்க வேண்டிய தேவை விலகிவிடுகிறது, ஆட்களும் மெல்ல அதன் பின்னாலேயே போய்விடுகிறார்கள். ஓர் ஏணியை எடுத்துக்கொள்வோம். ஏணி இல்லாதவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார். வாங்கும்போது பத்து நிமிடப் பேச்சு, திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு பத்து நிமிடம். “நான் வேணா கீழே பிடிச்சுக்கவா?” என்று ஏணியோடு ஆளும் வந்துவிடுவார். அடுத்த மாதம் அவருக்கு ஒரு தேவை என்றால் கூச்சமில்லாமல் இங்கே வருவார். சொந்தமாக ஏணி வாங்கியவருக்கு வேலை சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற, ஆஸ்பத்திரிக்குத் துணை வர என எல்லாவற்றுக்கும் காசு கொடுத்து ஆள் வைக்க முடிந்தால் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

அமெரிக்கப் பெரும் கணக்கெடுப்புகளை வைத்து எமிலி பியாங்கி, கேத்லீன் வோஸ் இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே வருகிறது. வருமானம் கூடியவர்கள் அதிக நேரம் தனியாக இருக்கிறார்கள். குடும்பத்தாரோடும் அக்கம்பக்கத்தாரோடும் கழிக்கும் நேரம் குறைகிறது, நண்பர்களோடு கழிக்கும் நேரம்தான் சற்றுக் கூடுகிறது.

காசு கொடுத்து முடிக்கக்கூடிய ஒரு சின்ன ஒத்தாசையை வாரம் ஒருமுறை யாரிடமாவது கேளுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்காததாக இருக்கட்டும். மறுநாளே பரிசு கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடாதீர்கள். கொஞ்சம் பாக்கி இருந்தால்தான் போக்குவரத்து இருக்கும்.

கேள்வி: அப்படியானால் பணமில்லாதவர்களுக்குத் தனிமையே கிடையாதா?

பதில்: உண்டு, இன்னும் அதிகமாக. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி ஆறில் ஒருவர் தனிமையில் வாடுகிறார். குறைந்த வருமான நாடுகளில் இது சுமார் 24 சதவீதம், பணக்கார நாடுகளில் சுமார் 11. நீண்ட வேலை நேரம், போய்வரும் செலவு, திருப்பிச் செய்ய முடியாத கூச்சம் எல்லாமே மனிதரை வீட்டுக்குள் அடைத்துவிடும். ஏழைகளுக்கு உறவாவது மிஞ்சுகிறது என்று யாரும் ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நாற்பது வயதுக்கு மேல் புதிதாக நட்பு அமையுமா? எங்கே தொடங்குவது?

பதில்: அமையும். நேரம்தான் பிடிக்கும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் சொன்ன கணக்கு இது: அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சந்தித்தால் அந்த 50 சேரவே இரண்டு வருடம் ஓடிவிடும். வாரம் ஒருமுறை என்றால் ஆறு மாதம் போதும். பலர் மூன்றாவது சந்திப்பிலேயே “ஒட்டவில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். அப்போது ஆறு மணி நேரம்தான் ஆகியிருக்கும்!

ஆறு முதல் எட்டுப் பேர் சேருங்கள். நாலு பேர் என்றால் இருவர் வராத நாளில் படுத்துவிடும். பன்னிரண்டு ஆனால் மூன்று பேர் பேச, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். கிழமை, நேரம், இடம் மூன்றும் மாறக்கூடாது. “யாருக்கு எப்ப வசதி?” என்று வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்த அன்றே பாதி போயிற்று. கையில் ஒரு வேலை இருக்கட்டும்: நடை, தோட்டம், சைக்கிள் பழுது, சேர்ந்து பாடுவது. எதிரெதிரே உட்கார்ந்து பேசத் தெரியாதவர்கள்கூட ஒரே செயினைச் சரிசெய்யும்போது தானாகப் பேசுவார்கள்.

பெரும்பாலும் இது கெட்டுப்போவது உபசாரத்தால்தான். முதல் வாரம் வெறும் பேச்சு, நாலாவது வாரம் விருந்து. அடுத்து நடத்த வேண்டியவர் ஈடு கொடுக்க முடியாமல் நின்றுவிடுவார். தண்ணீரும் உட்கார இடமும் போதும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பொறுப்பு ஒருவர் தலையிலேயே விழுவதும் ஆபத்து. மாதம் ஒருவராக மாற்றுங்கள். இரண்டு வாரம் வராதவருக்குக் குழுவில் செய்தி போடாமல் தனியாகப் போன் செய்யுங்கள். “ஏன் வரலை?” வேண்டாம். “அந்த முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?” என்றால் மறுவாரம் வந்து நிற்பார்.

கேள்வி: கூட்டத்துக்குப் போனாலும் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

பதில்: நெடுநாள் தனிமையில் இருந்த மனம் எதையும் புறக்கணிப்பாகவே படிக்கும். புதிதாகப் பேசிக்கொண்டவர்கள், எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. தனிமைக்கான உதவிகளை ஒப்பிட்ட 2011 ஆய்விலும், ஆட்களைக் கூட்டிவைப்பதைவிட இந்த எண்ணத்தைத் திருத்துவதே கூடுதல் பலன் தந்தது.

வீடு திரும்பியதும் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் நடந்தது: “அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.” அடுத்து நீங்கள் எடுத்துக்கொண்டது: “நான் அறுக்கிறேன்.” மூன்றாவதில் வேறு காரணங்கள் இரண்டு: பஸ்ஸுக்கு நேரமாயிற்று, மாத்திரை வேளை. மூன்றாவது பத்தியை எழுதாமல் படுக்காதீர்கள். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.