மலையில்லாத ஊரில் மலை சைக்கிள்

வணக்கம் சார்,

நான் தண்டையார்பேட்டை. வயது 34. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதும் வேலை. மூன்று வருடமாக கியர் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். நான் சைக்கிளை சர்வீஸுக்கு விடும் கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் டீமாக இருக்கிறார்கள். கடைப் பெயர் போட்ட ஜெர்சி மாட்டிக்கொண்டு, மலைப்பக்கம் நடக்கும் எம்.டி.பி. (மலை சைக்கிள்) பந்தயங்களுக்குப் போகிறார்கள். என்னையும் வரச் சொல்கிறார் கடைக்காரர். எனக்கும் ஆசைதான். வீட்டில் சொன்னால், "மெட்ராஸ்ல ஏதுங்க மலை?" என்று மனைவி சிரிக்கிறாள். கடைக்காரரோ, "இந்த வண்டி ரேஸுக்கு ஆகாது, 60 ஆயிரத்துல ஒண்ணு போட்டுத் தரேன், மாசாமாசம் கட்டுங்க" என்கிறார். என் கைக்காசைப் போட்டு அவர் கடைக்கு நான் விளம்பரப் பலகையாக அலைய வேண்டுமா என்றும் தோன்றுகிறது. போனால் கடைசியாகத்தான் வருவேன், அது வேறு.

போன மாதம் ஒரு கட்டுரையில், திருவொற்றியூரில் கடை டீமுக்காக ஓட்டியதாக ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா? என் பெயர் வேண்டாம். கடைக்காரர் உங்களைப் படிக்கிறவர்.

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர் படிக்கிறவர் என்றால் முதலில் அவரிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணே, அந்த 60 ஆயிரம் ரூபாய் வண்டியை இப்போதைக்கு வேறு யாருக்காவது காட்டுங்கள்.

உங்கள் மனைவி சிரித்தது நியாயம்தான். நம் பக்கத்தில் உயரமான இடம் என்றால் மேம்பாலம், அதை விட்டால் கொடுங்கையூர் குப்பைமேடு. ஆனால் அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் போட்டி நடந்தது எலான்கூர் என்ற குன்றில். அது தானாக முளைத்த குன்று இல்லை. பழைய கல்குவாரி. பக்கத்தில் புதுநகரம் கட்டியபோது மிஞ்சிய மண்ணையும் இடிபாட்டையும் கொட்டிக் கொட்டி மேடாக்கியது. உயரம் 231 மீட்டர். பாரிஸ் வட்டாரத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது. ஆக, கட்டடக் கழிவு மேட்டில் தங்கப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். கொடுங்கையூருக்கு இன்னும் காலம் வரவில்லை, அவ்வளவுதான். (வராமல் இருப்பதே நல்லது. அந்தப் புகையை வருடக்கணக்கில் குடித்தவன் சொல்கிறேன்.)

திருவொற்றியூர் கடை டீமில் நாங்கள் ஓட்டிப் பழகியது எண்ணூர் கடற்கரையில். தாழங்குப்பம் பக்கம் விடிகாலையில் அலை நனைத்துவிட்டுப் போன மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகியிருக்கும். நாலடி மேலே ஏறினால் சக்கரம் புதையும். அங்கே பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, லேசான கியரில் விடாமல் மிதிக்க வேண்டும். டயரில் காற்றையும் இறக்க வேண்டும். ரோட்டுக்கு 40, 45 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்திருந்தால் மணலுக்கு 25 பக்கம் கொண்டுவருவோம். ரொம்ப இறக்கினால் அடுத்த கல்லில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இதை ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. ஒவ்வொருவரும் தன் டியூபைக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

ஏற்றம் இல்லையே என்றால், அதற்குக் காற்று இருக்கிறது. கோடையில் சாயங்காலம் எண்ணூரிலிருந்து தெற்கே திரும்பிப் பாருங்கள். கடற்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். இடதுபக்கம் கடல், வலதுபக்கம் வரிசையாக கன்டெய்னர் லாரி, நடுவில் நீங்கள் மணிக்கு 12 கிலோமீட்டர். அப்புறம் மெட்ரோ. 2016ல் விம்கோ நகர் வரைக்கும் வேலை தொடங்கி 2021ல் ரயில் ஓடும்வரை திருவொற்றியூர் நெடுஞ்சாலை கிடந்த கிடப்புக்கு, அதைவிட நல்ல எம்.டி.பி. டிராக்கைக் காசு கொடுத்தாலும் போட முடியாது. ஊரே திட்டிய ரோட்டை ரசித்து ஓட்டியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

இறக்கத்துக்குத்தான் இங்கே மாற்று இல்லை. அதற்கு மாதம் ஒருமுறை சைக்கிள்களை டெம்போவில் ஏற்றி, ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லை தாண்டி நாகலாபுரம் மலையடிவாரம் போவோம். இரண்டு முழங்கை, ஒரு தோள்பட்டை, எண்ணற்ற முட்டி. அதோடு விடுகிறேன்.

இனி வண்டி விஷயம். இந்த விளையாட்டு பிறந்ததே காயலான் கடைக்குப் போக வேண்டிய சைக்கிள்களில்தான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில் சில இளைஞர்கள், 1930, 40களில் செய்த பருத்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைப்பாதையில் இறக்கினார்கள். நம் பால்காரர் சைக்கிள் அளவுக்குக் கனம். 1976 அக்டோபர் 21 அன்று அங்கே ஒரு மண்பாதையில் முதல் பந்தயம். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக் அந்த வண்டிகளுக்கு. கீழே வந்து சேர்வதற்குள் ஹப் பழுத்து, உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக் (திரும்ப அடைப்பது) என்று பெயர் விழுந்தது. அந்தப் பந்தயத்தை நடத்திய சார்லி கெல்லியும், அதில் வேகத்துக்குப் பெயர்பெற்ற கேரி ஃபிஷரும் 1979ல் கூட்டாகச் சேர்ந்து மலை சைக்கிள் விற்கத் தொடங்கினார்கள். பந்தயக்காரனும் வியாபாரியும் ஒரே ஆளாக இருப்பது உங்கள் கடையில் புதிதாக நடக்கும் சங்கதி இல்லை.

அதனால் இருக்கிற சைக்கிளிலேயே முதல் பந்தயத்தை ஓட்டுங்கள். இரண்டு நல்ல டயர், புது பிரேக் கட்டை, புது கேபிள். தினமும் மணலிக்கு ஓட்டிய வண்டி என்பதால் ஹேண்டில் பேரிங்கையும் ஃப்ரீவீலையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் உப்புக்காற்று வெளியே பளபளப்பாக விட்டுவிட்டு உள்ளே துருப்பிடிக்க வைக்கும். இதற்கெல்லாம் சில ஆயிரம் ஆகும், ஆகட்டும்.

மாதத் தவணை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் நான் இருந்தது வேறொரு கடையின் டீமில். எந்தக் கடை என்பது இப்போது தேவையில்லை. 18 ஆயிரத்துக்கு ஒரு ஃப்ரேம் என் தலையில் கட்டினார்கள், தவணையில். மூன்றாவது மாதம் பின்பக்க வெல்டிங்கில் விரிசல். "ரேஸ் ஓட்டினா கம்பெனி பொறுப்பு ஏத்துக்காது சார்" என்றார்கள். ரேஸ் ஓட்டு என்று சொல்லி விற்றவர்களும் அவர்களேதான். உடைந்த ஃப்ரேமுக்கு மேலும் எட்டு மாதம் பணம் கட்டினேன். ஒவ்வொரு மாதமும் பணம் எடுத்துக்கொண்டு போகும்போது கடைக்குள்ளே டீம் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

திருவொற்றியூர் கடை வேறு மாதிரி. அங்கே ஆறு வருடம் இருந்தேன். ஜெர்சி பாதி விலைக்கு, ஸ்பேரில் பத்து சதவீதம் குறைவு, பந்தயத்துக்கு முன்னால் செய்யும் சர்வீஸுக்குக் கூலி கிடையாது, டெம்போ வாடகை தலைக்கு இவ்வளவு என்று பங்கு. கடன் நோட்டு கிடையாது, யாருக்கும். அவருக்கு லாபம் இல்லையா என்றால், உண்டு. பந்தயம் ஓட்டுகிறவன் மாதிரி சாமானை உடைக்கும் கஸ்டமர் யாருக்கும் கிடைக்க மாட்டான். மற்றவர்களுக்கு இரண்டு வருடம் வரும் செயின் எங்களுக்கு ஆறு மாதம். எங்கள் வண்டிகளில் கைவைத்துத்தான் அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் ஹைட்ராலிக் பிரேக்கில் ஆயில் மாற்றவே கற்றுக்கொண்டார். விளம்பரமா என்றால் விளம்பரம்தான். வியாசர்பாடி பசங்களுக்கு ஃபுட்பால் ஜெர்சி எடுத்துக் கொடுக்கிற பிரியாணிக் கடைக்காரர் செய்வதும் அதுதானே.

ஆனால் அந்தக் கணக்கில் எழுதாத செலவு ஒன்று இருப்பது எனக்கு 2017ல்தான் தெரிந்தது. நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பந்தயம். நாலரை கிலோமீட்டர் சுற்று, ஐந்து தடவை. முதல் இருநூறு மீட்டர் அகலமான பாதை, அதற்கப்புறம் ஒரு ஆள் மட்டும் போகும் ஒற்றையடி. அந்த இருநூறு மீட்டரில் முன்னால் போனவன் போனான், மற்றவர்களுக்கு ரேஷன் கடை க்யூ. நான் க்யூவில் கடைசிக்கு முந்தியவன்.

இரண்டாவது சுற்றில், மெக்கானிக் நிற்கும் எங்கள் கூடாரத்தைத் தாண்டி முந்நூறு மீட்டர்கூட ஆகவில்லை, ஏற்றத்தில் கியரை லேசாக்கினேன். படார் என்று ஒரு சத்தம். பின்பக்க டீரெயிலர், அதாவது செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் பாகம், போக்ஸ் கம்பிக்குள் போய்ச் சிக்கி, அதைப் பிடித்திருக்கும் ஹேங்கர் இரண்டாக முறிந்துவிட்டது. தேயிலைச் செடிக்கு அந்தப்பக்கம் மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரோடு நிற்பது தெரிகிறது. ஆனால் விதிப்படி அவர் கூடார எல்லையை விட்டு வந்து வண்டியைத் தொடக்கூடாது. நானும் பாதையில் திரும்பிப் பின்னால் போகக்கூடாது. முன்னால் போய், சுற்றை முடித்துத்தான் அவரிடம் வர வேண்டும். முந்நூறு மீட்டரில் இருக்கும் மனிதருக்கும் எனக்கும் நடுவில் நாலு கிலோமீட்டர்.

"டீரெயிலரைக் கழட்டிக் கடாசு சார்! செயினை வெட்டி நடுப் பல்லுல மாட்டு!" என்று அவர் அங்கிருந்தே கத்தினார். சட்டைப்பையில் செயின் டூல் இருந்தது. கை நடுங்க, மூன்று கண்ணியைக் கூடுதலாக வெட்டிவிட்டு மறுபடி சேர்த்து, கியர் இல்லாத வாடகை சைக்கிள் மாதிரி ஆக்கிக்கொண்டு கிளம்பப் பதினொரு நிமிடம் ஆயிற்று. இதற்குள் முதல் இரண்டு பேர் ஒரு சுற்று முடித்து என்னை எட்டிவிட்டார்கள். "அண்ணா, ரைட்டு!" என்று குரல் கேட்கும், நான் புதருக்குள் ஒதுங்குவேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் முன்சக்கரம் பங்க்சராகி, இதே மாதிரி மெக்கானிக்குக்கு அனுமதித்த இடத்தில் சக்கரம் மாற்றி, அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கியும் தங்கம் வாங்கினார். நான் சுற்றை முடித்தபோது நடுவர் கொடியை நீட்டி ஓரங்கட்டினார். முதல் ஆள் முதல் சுற்றுக்கு எடுத்த நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் வெளியே எடுத்துவிடுவது இந்தப் பந்தயத்தில் வழக்கம். முடிவுத் தாளில் என் பெயருக்கு எதிரே, மூன்று சுற்று பாக்கி என்று இருந்தது. கடைசி இடம். ஆக, உங்கள் பயம் எனக்கு நடந்துவிட்டது. வெட்கப்படக்கூட நேரமில்லை, பசிதான் தெரிந்தது.

மெக்கானிக் அண்ணன் உடைந்த ஹேங்கரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேத்து டெம்போல உங்க வண்டியைக் கியர் பக்கம் கீழ வெச்சுட்டேன் சார். அப்பவே வளைஞ்சிருக்கும்" என்றார். அன்று முழுக்க அதையே நாலு தடவை சொன்னார். நான் அவரைத் திட்டுவதற்காக வாயெடுத்தபோது, கடைக்காரர் போனில் யாரிடமோ, "இன்னிக்குக் கடை இல்லீங்க, திங்கட்கிழமை வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது ஐந்தாவது போனோ ஆறாவதோ. அன்று ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள் கடைக்கு வாரத்தில் உருப்படியாக வியாபாரம் ஆகும் நாள் அது ஒன்றுதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வண்டி பார்ப்பதெல்லாம் அன்றைக்குத்தான். ஷட்டரை இறக்கிவிட்டு, நான் புதருக்குள் ஒதுங்குவதைப் பார்க்க அத்தனை தூரம் வந்திருக்கிறார்.

உங்கள் கடைக்காரர் பந்தயத்தன்று கடையை மூடுகிறாரா, இல்லை பையன்களை மட்டும் அனுப்பிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். மூடுகிறார் என்றால் ஜெர்சியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் உங்கள் ஃப்ரேமுக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அது மாறும், மலையில் தேடினால் கிடைக்காது. டெம்போவில் ஏற்றும்போது கியர் பக்கம் மேலே இருக்கிறதா என்று நீங்களே ஏறிப் பார்த்துவிடுங்கள்.