ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போது எத்தனை வலி மாத்திரை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு தரப்படும் வலி மாத்திரைகள் பற்றி வேலூர் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். டிரமடால், டேபென்டடால், மார்ஃபின் ஆகியவை ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை; அதாவது அபின் போல மூளையில் வேலை செய்து வலியைத் தணிப்பவை, பழக்கமாகிவிடக் கூடியவை. பாரசிட்டமால் அந்த வகை அல்ல.

குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டேன். டிரமடால் ஐந்தே ஐந்துதான் கொடுத்தார்கள். போன வருஷம் என் மச்சானுக்கு வேறொரு இடத்தில் இரண்டு அட்டை கொடுத்தார்கள். எனக்கு மட்டும் ஏன் குறைச்சல்?
– தறி நெய்யும் வாசகர், குடியாத்தம்

உங்களுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. உங்கள் மச்சானுக்குத்தான் கூடிப்போயிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 12 வகை ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் கேட்டு 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எழுதிக் கொடுத்தது 30 மாத்திரை அளவுக்கு. அவர்கள் சாப்பிட்டதோ 9 அளவுக்குத்தான். அதைவிட முக்கியமான விஷயம், அதிகமாக எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் அதிகமாகச் சாப்பிட்டிருந்தார்கள். கையில் இருப்பதைத் தீர்க்க வேண்டும் என்றே நாம் நினைக்கிறோம்.

பாரசிட்டமாலை டாக்டர் சொன்ன அளவில் வேளை தவறாமல் போடுங்கள். அதையும் மீறி வலி தூக்கத்தைக் கெடுத்தால் அந்த ஐந்தில் ஒன்றை எடுங்கள். டிரமடால் மலச்சிக்கலை உண்டாக்கும். முக்கினால் தையல் போட்ட இடத்துக்கு நல்லதல்ல. தையல் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ மாத்திரையைக் கூட்டாமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.

எங்கள் நர்சிங் ஹோம் கம்ப்யூட்டரில் டிஸ்சார்ஜ் சம்மரியைத் திறந்தாலே ‘டிரமடால், தினம் மூன்று வேளை, பத்து நாள்’ என்று தானாக வந்து நிற்கிறது. எந்த ஆபரேஷன் ஆனாலும் இதே கதைதான். சீனியர்களிடம் ‘குறைத்து எழுதுங்கள்’ என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. என்ன செய்வது?
– டூட்டி டாக்டர், காட்பாடி

யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டர் பார்ப்பவரிடம் பேசி, சீனியர்களின் ஒப்புதலோடு அந்த எண்ணை மட்டும் மாற்றப் பாருங்கள்.

அந்த 30 எப்படி வந்தது என்று யோசியுங்கள். கட்டில் காலியாக வேண்டும், அடுத்த நோயாளி காத்திருக்கிறார், பில்லிங்கிலிருந்து போன் வருகிறது. திரையில் இருப்பதை அப்படியே பிரின்ட் எடுக்கிறோம். அங்கே யாரும் வலியை அளந்து எழுதவில்லை. அமெரிக்காவில் யேல் மருத்துவமனைகளில் தானாக வரும் எண்ணை 30-லிருந்து 12-ஆகக் குறைத்தார்கள். தடையும் போடவில்லை, வகுப்பும் எடுக்கவில்லை. வேண்டுமென்றால் 30 என்று தட்டிக்கொள்ளலாம். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, வழக்கமாக எழுதப்படும் அளவு 30-லிருந்து 20-க்கு இறங்கியது. டாக்டரின் உரிமையில் யாரும் கை வைக்கவில்லை என்பதால்தான் இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. பத்து மாத்திரை அட்டையே நமக்கு ஓர் அளவாகிவிட்டது. ‘ஒரு அட்டை’, ‘ரெண்டு அட்டை’ என்றே மனம் கணக்குப் போடுகிறது. ஆகவே புதிய எண் பத்தாக இருக்க வேண்டாம். ஆபரேஷனுக்கு ஆபரேஷன் தனி எண் வையுங்கள். டிஸ்சார்ஜுக்கு முந்தைய 24 மணி நேரத்தில் நோயாளி எத்தனை ஓபியாய்டு எடுத்தார் என்று, கொடுத்த மருந்துகளைக் குறித்து வைக்கும் டிரக் சார்ட்டைப் பாருங்கள். ஒன்றுகூட எடுக்காதவருக்கு வீட்டில் எதற்கு?

பிறகு, பத்தாம் நாள் நர்ஸ் ஒரு போன் போட்டு ‘எத்தனை மிச்சம், வலி எப்படி?’ என்று கேட்கட்டும். பதிலை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே தனியாகக் கொடுங்கள். கலிபோர்னியாவின் சான் டியாகோவில், தாங்கள் மருந்து எழுதிக் கொடுத்த ஒருவர் அளவு மீறி உட்கொண்டு இறந்தார் என்று டாக்டர்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த மூன்று மாதங்களில் அவர்கள் எழுதிய ஓபியாய்டு அளவு ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது. விளைவு கண்ணில் பட்டால் டாக்டர்கள் மாறுகிறார்கள். ஆனால் பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடாதீர்கள். அவமானத்துக்குப் பயந்து, வலியில் துடிப்பவருக்கும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். அது இன்னும் பெரிய கொடுமை. வலி எப்படி என்றும் நர்ஸைக் கேட்கச் சொன்னது அதற்காகத்தான்.

சீட்டில் டிரமடால் ஐந்து என்று இருந்தாலும் ‘முழு அட்டையா குடுங்க’ என்கிறார்கள். பழைய சீட்டைக் காட்டியும் கேட்கிறார்கள்.
– மெடிக்கல் நடத்துபவர், ஆற்காடு

வெட்டித்தான் கொடுங்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் உங்களிடம் இருக்கட்டும். அந்த விவரத்தைக் கவரில் எழுதிக் கொடுங்கள். டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பழைய சீட்டுக்கு மறுபடி கொடுப்பது உங்கள் லைசென்ஸுக்கே ஆபத்து.

எனக்கு சிசேரியன் ஆனபோது கொடுத்த டிரமடால் மீதி இருக்கிறது. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் இடுப்பு வலிக்கு அதை எடுக்கிறார். பரவாயில்லையா?
– வாசகி, ஆம்பூர்

வேண்டாம்மா. டிரமடால் சிலருக்கு வலிப்பை வரவழைக்கும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். மது குடித்திருந்தால் மூச்சே மந்தமாகிவிடும். இடுப்பு வலிக்கு அவர் தனியாக டாக்டரைப் பார்க்கட்டும். மீதியை அலமாரியில் வைத்திருக்காதீர்கள். குழந்தை இருக்கும் வீடு. பழைய மருந்துகளைப் பொதுவாகக் கழிப்பறையில் போடக்கூடாது. ஆனால் இந்த வகைக்கு விதிவிலக்கு உண்டு. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட, கழிப்பறையில் கொட்டி அழிக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் டிரமடாலும் இருக்கிறது. அட்டையிலிருந்து பிரித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

அம்மாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் கொடுக்கிறோம். பழகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். குறைத்துவிடலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

கூடாது. மேலே சொன்ன எதுவும் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. ஆபரேஷன் வலி நாளாக நாளாக ஆறிவிடும். புற்றுநோய் வலி அப்படியில்லை. நம் நாட்டில் மார்ஃபின் தேவைப்படும் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது கிடைப்பதே இல்லை. இந்த நிலையை மாற்றத்தான் 2014-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தையே திருத்தினார்கள். டாக்டர் சொன்ன வேளையில், சொன்ன அளவில் கொடுங்கள். திடீரென நிறுத்தினால் வலியோடு வேறு அவஸ்தைகளும் வரும். மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே எழுதித் தரச் சொல்லுங்கள். வலி மட்டுப்படவில்லை என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம், வலி நிவாரணப் பிரிவுக்கு உடனே போன் செய்யுங்கள்.