ஐந்து கார்களா, எட்டுக் கார்களா? – அபுதாபி 2021 பற்றி வாசகர் கேள்விகள்

கார் பந்தயம் பற்றி எதை எழுதினாலும், வரும் கடிதங்களில் பாதி 2021 டிசம்பர் 12-க்குப் போய்விடுகின்றன. அன்று அபுதாபியின் யாஸ் மரினாவில் நடந்த ஃபார்முலா 1 இறுதிப் பந்தயத்தைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் போன வருடம்தான் ஃபார்முலா 1 பார்க்கத் தொடங்கினேன். 'அபுதாபி' என்று சொன்னாலே நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். அன்று என்னதான் நடந்தது?

பதில்: அந்த ஆண்டின் 22-ஆவது, கடைசிப் பந்தயம் அது. ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் மெர்சிடிஸின் லூயிஸ் ஹாமில்டனும் சரியாக 369.5 புள்ளிகளோடு வந்து நின்றார்கள். (அந்த அரைப் புள்ளி, மழையால் பாதிப் புள்ளி மட்டுமே தரப்பட்ட ஸ்பா பந்தயத்தின் மிச்சம்.) சம புள்ளியோடு இருவர் கடைசிப் பந்தயத்துக்கு வந்தது, 1974-இல் ஃபிட்டிபால்டியும் ரெகஸோனியும் வந்ததற்குப் பிறகு அன்றுதான். யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்குப் பட்டம். இருவருமே முடிக்காமல் போனால், கூடுதல் வெற்றிகள் பெற்றிருந்த வெர்ஸ்டாப்பனுக்கு.

58 சுற்றுகளில் 52 வரை ஹாமில்டன் கையில்தான் பந்தயம் இருந்தது. 53-ஆவது சுற்றில், வில்லியம்ஸ் ஓட்டுநர் நிக்கோலஸ் லத்தீஃபி 14-ஆம் வளைவில் தடுப்பில் மோத, சேஃப்டி கார் (விபத்தின்போது தடத்தில் இறங்கி, கார்களைத் தன் பின்னால் வரிசையாக மெதுவாக அழைத்துச் செல்லும் வண்டி) வந்தது. வெர்ஸ்டாப்பன் டயர் மாற்றும் பிட் பகுதிக்கு உள்ளே போய், பிடிமானம் அதிகமான சாஃப்ட் டயர் மாற்றினார், ஹாமில்டன் நீண்ட நேரம் உழைக்கும் ஹார்ட் வகைப் பழைய டயரிலேயே வெளியில் இருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு சுற்று பின்தங்கிய ஐந்து கார்கள். அந்த ஐந்தை மட்டும், பந்தயத்தை நடத்தும் அதிகாரியான ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாசி முன்னே போகச் சொன்னார், அதே சுற்றின் முடிவில் சேஃப்டி காரையும் உள்ளே அழைத்தார். மிச்சம் ஒரே ஒரு சுற்று. ஐந்தாம் வளைவில் வெர்ஸ்டாப்பன் தாண்டினார், 2.256 விநாடி வித்தியாசத்தில் வென்றார். ஹாமில்டனின் எட்டாவது பட்டம் அங்கே போனது.

கேள்வி: மாசி விதியை மீறினார் என்கிறார்கள். சேஃப்டி காரை எப்போது கூப்பிடுவது என்பது அவர் அதிகாரம்தானே? எந்த விதி, எந்த வரி என்று சொல்லுங்கள்.

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2021 விளையாட்டு விதிகளில் 48.12 என்ற பிரிவு. அதன்படி முதலில், பாதுகாப்பானது என்று தெரிந்தால், பின்தங்கிய கார்கள் தாண்டலாம் என்ற செய்தி எல்லா அணிகளுக்கும் போக வேண்டும். உடனே அந்தக் கார்கள் முன்னணிக் கார்களையும் சேஃப்டி காரையும் தாண்டி, சுற்றி வந்து வரிசையின் வாலில் சேர முயல வேண்டும். கடைசிப் பின்தங்கிய கார் முதலிடக் காரைத் தாண்டிய பிறகு, அடுத்த சுற்றின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே வரும்.

அன்று என்ன நடந்தது? 56-ஆவது சுற்றில், பின்தங்கிய கார்கள் தாண்டக் கூடாது என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த சுற்றிலேயே அது மாறி, 4, 14, 31, 16, 5 ஆகிய எண் கொண்ட கார்கள் மட்டும் தாண்டலாம் என்றானது. அதாவது நாரிஸ், அலோன்ஸோ, ஓக்கோன், லெக்லர்க், வெட்டல். மொத்தம் பின்தங்கியிருந்தவை எட்டு. ரிக்கார்டோ, ஸ்ட்ரோல், மிக் ஷூமாக்கர் மூவருக்கும் அனுமதி இல்லை. பிறகு 'சேஃப்டி கார் இந்தச் சுற்றில் உள்ளே' என்ற செய்தி. அடுத்த சுற்று வரை காத்திருக்கவில்லை.

ஆக, பிழை இரண்டு. எட்டுக்குப் பதில் ஐந்து என்பது ஒன்று, ஒரு சுற்று முன்கூட்டியே அழைத்தது இன்னொன்று. முதல் பிழையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பட்டத்தைத் தீர்மானித்தது இரண்டாவது. எட்டுக் கார்களையும் 57-ஆவது சுற்றில் விட்டிருந்தாலும், விதிப்படி சேஃப்டி கார் 58-இன் முடிவில்தான் உள்ளே வந்திருக்கும். அது பந்தயத்தின் முடிவு. ஹாமில்டன் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்து வந்தே பட்டம் வென்றிருப்பார்.

மாசிக்கு அந்த நேரத்தில் விதிக்கு உட்பட்ட வழிகள் இருந்தன. யாரையும் தாண்ட விடாமல், ஐந்து கார்களும் நடுவில் இருக்க 58-ஆவது சுற்றில் பந்தயத்தைத் தொடங்கியிருக்கலாம். எட்டையும் விட்டுவிட்டு சேஃப்டி காரோடு முடித்திருக்கலாம். அல்லது 56-ஆவது சுற்றிலேயே எட்டையும் விட்டிருந்தால் 57-இன் முடிவில் சேஃப்டி கார் முறையாகவே வெளியேறி, நாம் பார்த்த அதே கடைசிச் சுற்று நடந்திருக்கும். கடைசி வழியை ஹாமில்டன் ரசிகர்கள் பலர் யோசிப்பதில்லை. அது ஏன் நடக்கவில்லை என்றால், லத்தீஃபியின் காரை அகற்றும் பணியாளர்கள் அப்போது தடத்தில் இருந்தார்கள். தாண்ட விடப்பட்ட கார்கள் வரிசையில் சேர வேகமாகச் சுற்றி வரும், ஆட்கள் நிற்கும் இடத்தில் அதை அனுமதிக்க முடியாது. அந்தத் தாமதம் நியாயமானது. தாமதமான பிறகு, தாமதம் ஆகாதது போல முடிக்கப் பார்த்ததுதான் தவறு.

அதிகாரம் பற்றிக் கேட்டீர்கள். 15.3 என்ற பிரிவு சேஃப்டி கார் உபயோகத்தில் ரேஸ் டைரக்டருக்கு மேலதிகாரம் தருகிறது, உண்மை. வண்டியை எப்போது இறக்குவது, எப்போது ஏற்றுவது என்பதற்கான அதிகாரம் அது. எழுதி வைத்த நடைமுறையின் பாதியை விட்டுவிடும் அதிகாரமாக அதைப் படிக்க முடியாது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: 'எல்லாக் கார்களும்' என்று விதியில் இல்லவே இல்லை என்று ரெட் புல் வாதாடியதாமே?

பதில்: ஆமாம். ஆங்கில மூலத்தில் 'எனி கார்ஸ்' என்று இருந்தது, 'ஆல் கார்ஸ்' என்று இல்லை. 'எனி' என்றால் எல்லாம் என்று பொருளாகாது என்றது ரெட் புல். தமிழில் யோசித்துப் பாருங்கள். 'சீட்டு வாங்காத பயணிகள் எவராயினும் இறங்க வேண்டும்' என்று நடத்துநர் சொன்னால், எட்டுப் பேரில் ஐந்து பேர் மட்டும் இறங்கினால் போதும் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா? தவிர, 2020 அக்டோபரில் ஐஃபல் பந்தயத்துக்குப் பிறகு, பின்தங்கிய கார்கள் அனைத்தையும் விட வேண்டும் என்று விதி இருப்பதால்தான் சேஃப்டி கார் அவ்வளவு நேரம் நின்றது என்று விளக்கியவர் மாசியேதான். 2022 விதியில் அந்தச் சொல் 'ஆல்' என்று மாற்றப்பட்டது.

கேள்வி: மெர்சிடிஸ் ஏன் ஹாமில்டனை உள்ளே அழைக்கவில்லை? புது டயர் போட்டிருந்தால் வம்பே இல்லையே. அவர்கள் தவறை மறைக்க மாசியைத் திட்டுகிறார்களோ?

பதில்: அழைத்திருந்தால் வெர்ஸ்டாப்பன் வெளியிலேயே இருந்து முதலிடத்தை எடுத்திருப்பார். சேஃப்டி கார் இருக்கும்போது பிட் ஸ்டாப்பில் இழப்பு குறையும், ஆனாலும் ஹாமில்டனின் முன்னிலை அதற்குப் போதாது. மிச்சம் ஐந்து சுற்று. பந்தயம் சேஃப்டி காரோடு முடிந்துவிட்டால், முதலிடத்தைத் தானாகவே கொடுத்த கதையாகிவிடும். இரண்டாவது இடத்தில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. முன்னால் இருப்பவர் செய்வதற்கு நேர்மாறாகச் செய்தால் போதும், இழக்க ஒன்றுமில்லை.

அதற்கு முன்பே ஒரு முடிவு உண்டு, விவாதிக்க வேண்டியது அதைத்தான். 36-ஆவது சுற்றில், ஜியோவினாட்ஸியின் ஆல்ஃபா ரோமியோ நின்றுபோய் மெய்நிகர் சேஃப்டி கார் (வண்டி இறங்காமலே எல்லோரையும் வேகம் குறைக்க வைக்கும் முறை) அறிவிக்கப்பட்டது. வெர்ஸ்டாப்பன் உள்ளே போய்ப் புது ஹார்ட் போட்டார், ஹாமில்டன் போகவில்லை. 14-ஆவது சுற்றில் மாட்டிய ஹார்ட் டயர்தான் கடைசி வரை, ஆக 44 சுற்று ஓடிய டயர். தேய்ந்த டயரில் ரப்பர் மெல்லியதாகிவிடும், வெப்பத்தைப் பிடித்து வைக்காது. சேஃப்டி கார் பின்னால் மெதுவாக நான்கு சுற்று போனால் முற்றிலும் ஆறிவிடும். சாஃப்ட் டயரோ சீக்கிரம் சூடேறும், பிடிமானமும் அதிகம். மறுதொடக்கத்துக்குப் பிந்தைய முதல் சுற்றுகளில் டிஆர்எஸ் (முந்துவதற்காகப் பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டும் வசதி) அப்போது கிடையாது என்பதால், ஆறாம் வளைவுக்கும் ஒன்பதாம் வளைவுக்கும் போகும் நீள் நேர்ப்பாதைகளில் ஹாமில்டனால் திருப்பித் தாக்கவும் முழுதாக முடியவில்லை.

கேள்வி: உங்கள் பத்திரிகை எப்போதும் ஹாமில்டன் பக்கம்தான். மேக்ஸ் அந்த வருடம் பத்துப் பந்தயம் வென்றார். முதல் சுற்றில் ஹாமில்டன் வளைவை வெட்டிக்கொண்டு போனதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பதில்: பேசுவோம். முதல் சுற்று ஆறாம் வளைவில் வெர்ஸ்டாப்பன் உள்பக்கம் பாய்ந்தார், ஹாமில்டன் தடத்துக்கு வெளியே போய் முன்னிலையோடு திரும்பினார். ஆதாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொல்லி விசாரணை வேண்டாம் என்றார்கள். இடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்ற உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது.

வெர்ஸ்டாப்பனைப் பொறுத்தவரை ஒரு குறையும் சொல்ல மாட்டோம். ஒரு சுற்று கொடுத்தார்கள், அதில் செய்ய வேண்டியதைத் துல்லியமாகச் செய்தார். அந்த ஆண்டில் 10 வெற்றி, 18 முறை போடியம் (முதல் மூன்று இடங்களில் ஒன்று). பட்டத்துக்குத் தகுதியானவர். தகுதியானவருக்குப் பட்டம் கிடைத்த விதம் தவறு என்று சொல்வது அவரைக் குறைத்துச் சொல்வது ஆகாது. அன்று பாதிக்கப்பட்டவர் ஹாமில்டன் மட்டும் அல்ல என்பதையும் கவனியுங்கள். மூன்றாவதாக இருந்த ஃபெராரியின் கார்லோஸ் சைன்ஸுக்கு முன்னால் ரிக்கார்டோவும் ஸ்ட்ரோலும் அப்படியே நின்றார்கள். முன்னே இருந்த இருவருக்குப் பாதை திறந்துவிட்டு மூன்றாமவருக்கு அடைத்தது எந்த நியாயம்?

கேள்வி: லத்தீஃபி வேண்டுமென்றே மோதினார் என்கிறான் என் தம்பி.

பதில்: இல்லை. மிக் ஷூமாக்கரோடு இடத்துக்குப் போராடியபோது தடத்தை விட்டு விலகி, டயரில் அழுக்கு ஏறி, பிடிமானம் இழந்து மோதினார். அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, அதைப் பற்றி அவரே அந்த மாதம் பகிரங்கமாக எழுதினார். உங்கள் தம்பியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியிருந்தால் இருவருக்கும் நியாயமாக இருந்திருக்காதா?

பதில்: பலருக்கும் பிடித்த யோசனை. இருவரும் புது டயர் போட்டு, நின்ற நிலையிலிருந்து தொடங்கியிருப்பார்கள். அதே ஆண்டு பாக்கூவில் வெர்ஸ்டாப்பனின் டயர் வெடித்தபோது அப்படித்தான் நிறுத்தி, கடைசி இரண்டு சுற்றை மட்டும் ஓட்டினார்கள். ஆனால் சிவப்புக் கொடி ஆபத்துக்கானது, விறுவிறுப்புக்கானது அல்ல. 2023 மெல்பர்னில், கடைசியில் இரண்டு சுற்றுக்காக மறுபடி தொடங்கியபோது முதல் வளைவிலேயே கார்கள் மோதிச் சிதறின. ஆல்பைன் அணியின் இரண்டு கார்களும் ஒன்றோடொன்று மோதி வெளியேறின. பந்தயம் எப்படியோ சேஃப்டி காரோடுதான் முடிந்தது.

கேள்வி: இப்போது வழக்குப் போட்டால் 2021 பட்டம் மாறுமா?

பதில்: மாறாது. அன்றிரவே மெர்சிடிஸ் இரண்டு ஆட்சேபம் கொடுத்தது. சேஃப்டி கார் இருக்கும்போதே வெர்ஸ்டாப்பன் முந்தினார் என்பது ஒன்று, 48.12 மீறப்பட்டது என்பது மற்றது. இரண்டும் தள்ளுபடி. இரண்டாவதில் ஸ்டூவர்டுகள் (பந்தய நடுவர்கள்) சொன்ன காரணம் விசித்திரமானது: 48.12 முழுமையாகப் பின்பற்றப்படாமல் இருந்திருக்கலாம், ஆனால் 'இந்தச் சுற்றில் உள்ளே' என்ற செய்தி வந்துவிட்டால் 48.13-இன்படி சேஃப்டி கார் வந்தே ஆக வேண்டும் என்றார்கள். செய்தியே தவறான நேரத்தில் போனது என்பதுதானே புகார்?

மேல்முறையீட்டு உரிமையைத் தக்கவைத்து, அதை உறுதிசெய்ய 96 மணி நேரம் இருந்தது. டிசம்பர் 16 அன்று மெர்சிடிஸ் கைவிட்டது. 2022 மார்ச் 19-இல், கார் பந்தயங்களை நிர்வகிக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏ-வின் அறிக்கை வந்தது. மனிதத் தவறு நடந்தது, ரேஸ் டைரக்டர் நல்லெண்ணத்தோடு செயல்பட்டார், முடிவு இறுதியானது என்றது. அதற்கு ஒரு மாதம் முன்பே மாசி பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டிருந்தார்.

கேள்வி: இனி இப்படி நடக்காது என்று நம்பலாமா?

பதில்: இதே தவறு நடப்பது கடினம். எந்தக் கார் பின்தங்கியது என்று அதுவரை ஆட்கள் கையால் குறித்தார்கள், பிறகு அதற்கு மென்பொருள் வந்தது. அணித் தலைவர்கள் ரேஸ் டைரக்டரோடு பேசி வற்புறுத்துவது கட்டுப்படுத்தப்பட்டது. அபுதாபியில் மெர்சிடிஸின் வோல்ஃபும் ரெட் புல்லின் ஹார்னரும் இருவருமே அதைச் செய்தார்கள், உலகமே கேட்டது.

விதியும் எண்ணுவதற்கு எளிதாகிவிட்டது. கடைசிக் கார் தாண்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, 'தாண்டலாம்' என்ற செய்தி போன சுற்றுக்கு அடுத்த சுற்றின் முடிவில் சேஃப்டி கார் உள்ளே. 2022 மான்ஸாவில், 53 சுற்றுப் பந்தயத்தின் 47-ஆவதில் ரிக்கார்டோவின் கார் நின்றது. அகற்ற நேரமாகி, சேஃப்டி காரோடே முடித்தார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. விதிப்படி நடக்கவில்லை என்று ஒன்பது மாதம் முன்பு கொதித்தவர்களில் சிலரும், விதிப்படி நடந்தபோது கொதித்தார்கள்.

அடுத்த முறை கடைசி நேரத்தில் சேஃப்டி கார் வந்தால் மொத்தச் சுற்று எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். 58 சுற்று என்றால் 56. அந்தச் சுற்று முடிவதற்குள் 'தாண்டலாம்' என்ற செய்தி திரையில் வந்தால், கடைசிச் சுற்று பந்தயம் உண்டு. 57-இல் வந்தால், சேஃப்டி கார் கடைசிக் கோடு வரை கூடவே வரும்.